இதயத் தழும்பின் படம்: யாருக்கு ஆபத்து என்று சொல்லும், எங்கே சுடுவது என்று எவ்வளவு தூரம் சொல்லும்?

பத்து வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, மாத்திரையும் நடைப்பயிற்சியும் தவறாமல் இருக்கும் ஒருவர் திடீரென்று படபடத்து மயங்கி விழுகிறார். இசிஜியில் துடிப்பு நிமிடத்துக்கு 190. ஆஞ்சியோகிராம் எடுத்தால் புது அடைப்பு எதுவும் இல்லை. "பழைய தழும்பிலிருந்து வருகிறது, இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்" என்கிறார் மருத்துவர். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. ஆறிப்போன புண் இத்தனை வருடம் கழித்து எப்படித் தொல்லை தரும்? படம் எடுத்து என்ன செய்யப் போகிறார்கள்?

மருத்துவச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். தழும்பின் படம் திடீர் மரண ஆபத்தை முன்கூட்டியே காட்டுகிறது என்கிறது ஒரு ஆய்வு. படத்தில் தெரிந்த தழும்பை, கோளாறான துடிப்பை நிறுத்துவதற்காக, இதயத்துக்குள் கருவி விட்டுச் சூட்டால் சுட்டதில் கூடுதல் பலன் இல்லை, சிலருக்குப் பக்கவாதம்கூட வந்தது என்கிறது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். இரண்டிலும் படத்திடம் கேட்ட கேள்வி வேறு. யாருக்கு ஆபத்து என்று கேட்பது ஒன்று, எங்கே சுட வேண்டும் என்று கேட்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு இதயத்தின் கீழறை சொல்லும் பதிலும் மேலறை சொல்லும் பதிலும் ஒன்றாக இல்லை.

## ஆறிய புண் ஏன் துடிப்பைக் கெடுக்கிறது?

இதயத் தசைச் செல்கள் செத்தால் அநேகமாகத் திரும்ப முளைப்பதில்லை. ரத்தக்குழாய் அடைபட்டு ஒரு பகுதித் தசை செத்துவிட்டால், அடுத்த சில வாரங்களில் உடல் அந்த இடத்தைக் கொலாஜன் என்ற நார்ப்பொருளால் நிரப்புகிறது. அதுதான் தழும்பு. அது விழாவிட்டால் செத்த சுவர் ரத்த அழுத்தம் தாங்காமல் கிழிந்துவிடும். மாரடைப்பு தவிர, வைரஸால் வரும் இதயத்தசை அழற்சி, பரம்பரைத் தசை நோய்கள், சார்க்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், தென் அமெரிக்காவில் பரவலான, ஒட்டுண்ணியால் வரும் சாகஸ் நோய் ஆகியவையும் தழும்பை விட்டுச்செல்லும்.

துடிப்புக்கான மின் அலை செல்லிலிருந்து செல்லுக்குக் கைமாறிப் போகிறது. கொலாஜன் மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு திட்டு முழுக்க முழுக்கக் கொலாஜனாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை. ஆற்று நடுவே பாறை கிடந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போய் அப்பால் சேர்ந்துகொள்வது போல, அலையும் சுற்றிக்கொண்டு போய்விடும்.

ஆபத்து ஓரத்தில்தான் இருக்கிறது. அங்கே உயிர் தப்பிய தசையிழைகள் நாருக்கு நடுவே மெல்லிய கீற்றுகளாகச் சிக்கிக் கிடக்கும். தூர்ந்துபோன வாய்க்காலில் கோரைக்கு நடுவே நெளிந்து நெளிந்து ஓடும் நீரைப் போல மின் அலை இந்தக் கீற்றுகளில் மெதுவாகப் போகிறது. அது மறுமுனையில் வெளியே வருவதற்குள், சுற்றியுள்ள நல்ல தசை துடித்து, ஓய்ந்து, அடுத்த துடிப்புக்குத் தயாராகிவிடுகிறது. தாமதமாக வந்த அலை அந்தத் தசையை மறுபடி தூண்டுகிறது. சுற்றி வந்து அதே கீற்றுக்குள் திரும்ப நுழைகிறது. இப்படி ஒரு சுற்று ஓடத் தொடங்கிவிட்டால், சைனஸ் முனை என்ற இயல்பான கடிகாரம் ஓரங்கட்டப்பட்டு, இதயம் சுற்றின் வேகத்துக்கு ஓடுகிறது. இதை மீள்சுற்று என்று சொல்லலாம்.

இந்த அறிவு நூறு வருடத்துக்கும் மேல் பழையது. 1906 வாக்கில் ஆல்ஃபிரட் மேயர் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஜெல்லி மீனின் உடலை வளையமாக வெட்டி ஓரிடத்தில் தூண்டினார். சுருங்கும் அலை ஒரே திசையில் நாட்கணக்கில் சுற்றியது. 1913, 1914-ல் ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் இதயத் தசையில் இதையே காட்டினார். சுற்று ஓட மூன்று விஷயம் கூடிவர வேண்டும்:

1. சுற்றி வருவதற்கு நடுவில் ஒரு தடை. கொலாஜன் திட்டு அதைத் தருகிறது.
2. மெதுவான பாதை. ஓரத்துக் கீற்றுகள் அதைத் தருகின்றன.
3. ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறந்திருக்கும் வாசல். இது எப்போதும் அமைவதில்லை. தப்பான நேரத்தில் வரும் ஒரு கூடுதல் துடிப்போ, உடலில் பொட்டாசியம் குறைவதோ அன்றைக்கு அதை அமைத்துவிடலாம்.

தழும்பு பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் எழுந்துகொள்வதன் காரணம் இந்த மூன்றாவது விஷயத்தில் இருக்கிறது. மைன்ஸ் சொன்ன இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: வளையத்தை ஓரிடத்தில் வெட்டினால் சுற்று நின்றுவிடும். சுற்றின் வழியைச் சுட்டு அறுக்கும் இன்றைய அப்லேஷன் சிகிச்சையின் அடிப்படையே அதுதான்.

இனி அடிக்கடி வரப்போகும் சில சொற்கள். கீழறையிலிருந்து ஒழுங்காக, ஆனால் மிக வேகமாக ஓடும் துடிப்பு வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, சுருக்கமாக வி.டி. கீழறை துடிக்காமல் வெறுமனே நடுங்குவது வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். அப்போது ரத்த ஓட்டம் நின்றுவிடும், சில நிமிடங்களில் உயிர் போகும். மேலறை நடுங்குவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதனால் உடனே உயிர் போகாது, ஆனால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரக்கூடும்.

## படம் எப்படி எடுக்கிறார்கள்?

எக்கோ ஸ்கேனில் இதயச் சுவர் சரியாக அசையவில்லை என்பது தெரியும். அசையாத தசை செத்துவிட்டதா, ரத்தம் போதாமல் சோர்ந்து கிடக்கிறதா என்பது தெரியாது. 1999, 2000 ஆண்டுகளில் சிகாகோ பகுதியின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கிம், ராபர்ட் ஜட் குழுவினர் இதற்கு எம்.ஆர்.ஐ.யில் வழி கண்டார்கள். அந்த முறைதான் இன்றும் அடிப்படை.

கையில் உள்ள ரத்தக்குழாய் வழியாகக் காடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்தை ஏற்றுகிறார்கள். இந்த மருந்து உயிருள்ள செல்லுக்குள் நுழையாது. செல்களுக்கு இடையே உள்ள இடுக்குகளில்தான் தங்கும். நல்ல தசையில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் இடுக்கு குறைவு, மருந்து சீக்கிரம் வடிந்துவிடும். தழும்பில் செல்கள் குறைவு, இடம் அதிகம், வடிவதும் மெதுவாக. அதனால் 10, 15 நிமிடம் காத்திருந்து எடுத்தால் தழும்பில் மட்டும் மருந்து தேங்கி நிற்கும்.

அந்தக் காத்திருப்பு முடிந்ததும் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நோயாளி குழாய்க்குள் படுத்திருக்கிறார். காதில் போட்ட ஹெட்ஃபோனில், "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று குரல் வருகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் முதலில் சோதனைப் படங்களை வரிசையாக எடுக்கிறார். ஒவ்வொன்றிலும், இயந்திரம் ரேடியோ துடிப்பை அனுப்பியதிலிருந்து படத்தைப் பதியும் வரை உள்ள இடைவெளி சில மில்லி நொடி மாறும். பெரும்பாலும் கால் நொடிக்கும் மூன்றில் ஒரு பங்கு நொடிக்கும் இடையே ஏதோ ஒரு படத்தில் நல்ல தசை முழுக்கக் கறுத்துப்போகும். அந்த நேரத்தைத்தான் தேர்வு செய்ய வேண்டும். அதைத் தவறவிட்டால் நல்ல தசையே சாம்பல் நிறத்தில் வந்து, தழும்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். சரியாக அமைந்துவிட்டால், கறுத்த வளையமாகத் தெரியும் கீழறையின் உள்ளோரத்தில் பிறை போல ஒரு வெள்ளைக் கீற்று எழும். அதுதான் பழைய மாரடைப்பு.

வெள்ளை எங்கே விழுகிறது என்பதே ஒரு துப்பு. இதய ரத்தக்குழாய்கள் வெளியிலிருந்து உள்ளே பாய்வதால், அடைப்பில் முதலில் சாவது உட்பக்கத் தசை. எனவே மாரடைப்புத் தழும்பு உள்ளோரத்திலிருந்து வெளியே பரவும். அழற்சியால் வந்தது பெரும்பாலும் வெளியோரத்தில் இருக்கும். இதயம் விரிந்து பலவீனமான கார்டியோமயோபதி என்ற தசை நோயில், சுவரின் நட்டநடுவே கோடு போட்டது போல் ஓடும். ரத்தக்குழாய் சுத்தமாக இருந்தும் இதயம் ஏன் கெட்டது என்று தவிக்கும் குடும்பங்களுக்கு முதல் பதில் பல நேரம் இந்தக் கோட்டிலிருந்துதான் கிடைக்கிறது.

## முதல் கேள்வி: யாருக்கு ஐசிடி வேண்டும்?

ஐசிடி என்பது தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கு அடியில் வைக்கும் சின்னக் கருவி. துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும், ஆபத்தான வேகம் வந்தால் ஷாக் கொடுத்து நிறுத்தும். மைக்கேல் மிரோவ்ஸ்கி குழுவினர் 1980-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்தார்கள். ஏற்கெனவே வி.டி. வந்து உயிர் தப்பியவருக்கு வைப்பதில் பெரிய விவாதம் இல்லை. இன்னும் எதுவும் வராதவர்களில் யாருக்கு வைப்பது என்பதில்தான் சிக்கல்.

இதுவரை முடிவு செய்துவந்தது ஒரே ஒரு எண், இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன். கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. 55-க்கு மேல் இருந்தால் இயல்பு. 30-க்குக் கீழே உள்ள மாரடைப்பு நோயாளிகளுக்கு ஐசிடி உயிர் காக்கிறது என்று 2002-ல் மேடிட்-2 ஆய்வும், 35 வரை உள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் காக்கிறது என்று 2005-ல் எஸ்சிடி-ஹெஃப்ட் ஆய்வும் காட்டின. அன்றிலிருந்து 35 என்பது உலகம் முழுக்க எல்லைக்கோடு ஆகிவிட்டது.

கோடு போடுவது எளிது என்பதற்காகவே அது நீடித்தது என்று தோன்றுகிறது. அந்த எண் இதயத்தின் பம்பு வேலையை அளக்கிறது. வி.டி.யோ மின் பாதையில் பிறக்கிறது. மோட்டார் எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது என்று பார்த்து, வயரிங்கில் எங்கே பழுது என்று சொல்வது போன்றது இது. விளைவு இரண்டு பக்கமும் தவறுகிறது. ஐசிடி வைத்துக்கொண்டவர்களில் பலருக்கு அது வருடக்கணக்கில் ஒருமுறைகூடத் தேவைப்படுவதில்லை. அவர்கள் கம்பியில் கிருமித்தொற்று, தேவையில்லாத ஷாக் ஆகிய அபாயங்களை மட்டும் சுமக்கிறார்கள். மறுபக்கம், மக்கள்தொகை அளவில் திடீர் இதய மரணங்களில் பெரும்பகுதி 35-க்கு மேல் எண் உள்ளவர்களுக்குத்தான் நேர்கிறது. கோட்டுக்கு வெளியே இருந்ததால் அவர்களுக்குக் கருவியே கிடைக்கவில்லை.

2016-ல் வந்த டேனிஷ் ஆய்வு இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. டென்மார்க்கில், மாரடைப்பு அல்லாத காரணத்தால் இதயம் பலவீனமான 1,116 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு ஐசிடி வைத்தார்கள். திடீர் மரணம் 8.2 சதவீதத்திலிருந்து 4.3 ஆகப் பாதியாகக் குறைந்தது. ஆனால் மொத்த இறப்பு 21.6 சதவீதத்துக்கு 23.4, அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. கருவி தன் வேலையைச் செய்திருக்கிறது, வேண்டியவர்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் கோட்டை விட்டிருக்கிறோம் என்று இதைப் படிக்கலாம்.

தழும்பின் படம் உள்ளே வருவது இங்கேதான். லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையின் அங்கூர் குலாட்டி குழு, இதயம் விரிந்த கார்டியோமயோபதி உள்ள 472 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பல வருடம் பின்தொடர்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டது. சுவர் நடுவே தழும்புக் கோடு இருந்த 142 பேரில் 29.6 சதவீதத்தினருக்குத் திடீர் மரணமோ, மரணத்தின் விளிம்பில் மீட்கப்பட்ட துடிப்புக் கோளாறோ நேர்ந்தது. கோடு இல்லாத 330 பேரில் அது 7 சதவீதம்தான். இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷனைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது.

சரி, உடனே தழும்பு உள்ள எல்லோருக்கும் ஐசிடி வைத்துவிடலாமா? கூடாது. தழும்பு உள்ளவருக்கு ஆபத்து அதிகம் என்பது ஒரு உண்மை. கருவி வைத்தால் அவர் ஆயுள் கூடும் என்பது வேறொரு உண்மை, அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். அதனால்தான் ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2022 வழிகாட்டுதல் நிதானமாக ஓர் அடி வைத்தது. விரிந்த இதயம் உள்ளவர்களுக்கு எண் 50-க்குக் கீழே இருந்து, மயக்கம், எம்.ஆர்.ஐ. தழும்பு, இபி ஸ்டடியில் (இதயத்துக்குள் கம்பி விட்டு மின்தூண்டல் கொடுத்துப் பார்க்கும் சோதனை) தூண்டப்படும் வி.டி., சில குறிப்பிட்ட மரபணுப் பிழைகள் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் ஐசிடியைப் பரிசீலிக்கலாம் என்கிறது. தசை தடித்த ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதியில், கீழறைத் தசையில் 15 சதவீதமோ அதற்கு மேலோ வெள்ளையாக இருந்தால் அதுவும் ஆபத்துக் கணக்கில் சேர்கிறது.

## இரண்டாவது கேள்வி: கீழறையில் எங்கே சுடுவது?

ஐசிடி வி.டி.யை நிறுத்தும், வராமல் தடுக்காது. ஒரே நாளில் மூன்று, நான்கு முறை வி.டி. வந்து ஷாக் மேல் ஷாக் வாங்கும் நிலைக்கு மின்புயல் என்று பெயர். நினைவு தெளிவாக இருக்கும்போதே மார்பில் உதை விழுவது போல் ஷாக் விழும். அதை அனுபவித்தவர்கள் அடுத்தது எப்போது விழுமோ என்ற பயத்திலேயே நாளைக் கழிப்பார்கள். மாத்திரைக்கு அடங்காதபோது சுற்றின் வழியையே அறுக்க வேண்டும். தொடை ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் முனையில் ரேடியோ அலைச் சூடு கொடுத்துக் கீற்றைப் பொசுக்குவதுதான் அப்லேஷன்.

பொசுக்குவது நிமிடக் கணக்கு, தேடுவது மணிக் கணக்கு. கதீட்டர் முனை சுவரைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் மின்னழுத்தம் பதிவாகி, திரையில் முப்பரிமாண வரைபடத்தில் ஒரு வண்ணப் புள்ளியாக விழுகிறது. 2000-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் மார்ச்லின்ஸ்கி குழு வழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவு இது: 1.5 மில்லிவோல்ட்டுக்கு மேல் நல்ல தசை, 0.5-க்குக் கீழே அடர்ந்த தழும்பு, நடுவில் உள்ளது ஓரப்பகுதி. ஊதாவில் தொடங்கி சிவப்பு வரை வண்ணங்கள் மாறும். வி.டி. ஓடும்போதே வரைந்தால் சுற்றை நேரடியாகப் பார்க்கலாம். ஆனால் பலருக்கு வி.டி. ஓடினால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும், அதற்கு அவகாசம் இருக்காது. ஆகவே சாதாரணத் துடிப்பில் தழும்பை வரைந்து, துடிப்பு முடிந்த பிறகு தனியாகத் தாமதித்துக் கேட்கும் சின்னச் சின்ன சிக்னல்களைத் தேடுகிறார்கள். அந்தத் தாமதச் சிக்னல்தான் கீற்று வழியே ஊர்ந்து வரும் அலையின் தடம்.

முன்கூட்டியே எடுத்த படம் இங்கே எப்படி உதவுகிறது?

1. எந்தப் பக்கத்திலிருந்து அணுகுவது என்று சொல்கிறது. தழும்பு வெளியோரத்தில் இருந்தால் உள்ளிருந்து எவ்வளவு சுட்டாலும் சூடு போய்ச் சேராது. மார்பெலும்புக்குக் கீழே ஊசி செலுத்தி, இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நுழைய வேண்டும். சாகஸ் நோயாளிகளின் வி.டி.க்காக பிரேசிலின் சாவ் பாவ்லோவில் எடுவார்டோ சோசா 1996-ல் வெளியிட்ட வழி அது. ஆபத்து கூடிய வழி என்பதால், தேவையா இல்லையா என்று முதலிலேயே தெரிவது பெரிய விஷயம்.
2. கீழறைக்குள் ரத்தக்கட்டி இருந்தால் காட்டிவிடும். கட்டி இருக்கும் அறைக்குள் கதீட்டரை ஆட்டினால் அது உடைந்து மூளைக்குப் போகலாம்.
3. எங்கே நேரம் செலவிடுவது என்று சொல்கிறது. நல்ல தசையில் நூறு புள்ளி எடுப்பதை விடத் தழும்பின் ஓரத்தில் எடுப்பது மேல்.
4. வாய்க்கால்களையே காட்ட முயல்கிறது.

நான்காவது விஷயத்தில் இரண்டு ஊர்களின் வேலை முக்கியமானது. பார்சிலோனாவில் அன்டோனியோ பெருயெசோ குழுவினர் எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்மையின் அளவைக் கொண்டு பிரித்தார்கள். அதிகபட்ச வெண்மையில் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடர்தழும்பு, 40-லிருந்து 60 வரை ஓரப்பகுதி. இரண்டு அடர்தழும்புகளுக்கு நடுவே ஓரப்பகுதி ஒரு தாரையாக ஓடி, இரு முனையிலும் நல்ல தசையைத் தொட்டால் அது வாய்க்கால். அதன் வாசலைச் சுட்டால் உள்ளே முழுவதும் அடங்கிவிடும். பிரான்சின் போர்டோவில் சி.டி. ஸ்கேனைப் பயன்படுத்தினார்கள். பழைய மாரடைப்புச் சுவர் மெலிந்து, 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். அந்த மெலிந்த பரப்பின் நடுவே வரப்பு போலச் சற்றே தடித்த இடம் ஓடும். உயிர் தப்பிய தசை அங்கேதான் இருக்கிறது, சுற்றின் குறுகலான வழியும் பெரும்பாலும் அங்கேதான்.

2024-ல் வந்த வேனிஷ்-2 ஆய்வில், மாரடைப்புத் தழும்பால் வி.டி. வந்த 416 பேரில் மாத்திரை பெற்றவர்களில் 60.6 சதவீதத்தினருக்கும், முதலிலேயே அப்லேஷன் செய்தவர்களில் 50.7 சதவீதத்தினருக்கும் மரணம், மின்புயல், ஷாக் போன்ற ஏதாவது ஒன்று நேர்ந்தது. அப்லேஷன் மேல் என்பதற்கு நல்ல சான்று இது. படம் பார்த்துச் செய்யும் அப்லேஷன் மேல் என்பதற்குச் சான்று அல்ல, ஏனென்றால் அந்த ஆய்வு அதைச் சோதிக்கவில்லை. செய்திகளில் இந்த இரண்டும் கலந்து வருவதைப் பார்க்கும்போது கவனம் வேண்டும். இன்னொன்றும் தெரிகிறது: அப்லேஷன் செய்தும் பாதிப் பேருக்குத் தொல்லை தொடர்ந்திருக்கிறது. நல்ல வழிகாட்டல் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

## மேலறையில் ஏன் பலிக்கவில்லை?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு வழக்கமான அப்லேஷன், நுரையீரல் சிரைகள் மேலறையில் சேரும் வாய்களைச் சுற்றிச் சுட்டு அவற்றைத் துண்டிப்பது. தூண்டல்கள் பெரும்பாலும் அந்தச் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்று போர்டோவின் மிஷெல் ஹைசகேர் 1998-ல் காட்டினார். ஆனால் நாள்பட்ட நோயில் இது மட்டும் போதவில்லை. மேலறைச் சுவரிலேயே தழும்பு பரவியிருப்பதுதான் காரணமோ என்று அமெரிக்காவின் யூட்டாவில் நாசிர் மரூஷ் குழு சந்தேகித்தது. 2014-ல் அவர்களுடைய டிகாஃப் ஆய்வு, தழும்பு 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களில் 15.3 சதவீதத்தினருக்கும், 30-க்கு மேல் உள்ளவர்களில் 69.4 சதவீதத்தினருக்கும் அப்லேஷனுக்குப் பிறகு 475 நாளுக்குள் நோய் திரும்பியதாகக் கணக்கிட்டது. யாருக்குத் திரும்பும் என்பதைப் படம் நன்றாகவே சொன்னது.

அப்படியானால் அந்தத் தழும்பையும் சேர்த்துச் சுட்டால்? 2022-ல் வெளியான டிகாஃப்-2 ஆய்வு 843 பேரிடம் இதைச் சோதித்தது. சிரைகளை மட்டும் துண்டித்தவர்களில் 46.1 சதவீதத்தினருக்கும், தழும்பையும் சுட்டவர்களில் 43 சதவீதத்தினருக்கும் கோளாறு திரும்பியது. சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. தழும்பைச் சுட்ட குழுவில் ஆறு பேருக்குப் பக்கவாதம் வந்தது, மற்ற குழுவில் ஒருவருக்கும் வரவில்லை.

ஏன் இப்படி? மூன்று காரணம் படுகிறது. கீழறைச் சுவர் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தடிப்பானது, மேலறைச் சுவர் சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான். எம்.ஆர்.ஐ.யின் ஒரு படப்புள்ளியே ஏறத்தாழ அந்த அளவு. வெண்மை சுவரில் இருக்கிறதா, பக்கத்தில் ஓடும் ரத்தத்திலா என்று பிரிப்பதே கடினம். அப்புறம், மாரடைப்புத் தழும்பில் குறுகலான வழி ஒன்றிரண்டு இருக்கும், அறுத்தால் சுற்று நிற்கும். ஃபிப்ரிலேஷனில் அலைகள் பல இடங்களில் உடைந்து அலைகின்றன. எதை அறுப்பது? கடைசியாக, தழும்பைச் சுடுவது என்றால் மேலும் தழும்பை உண்டாக்குவதுதான். ஆபத்தைச் சொல்லும் அடையாளம் என்பதாலேயே அதை அழித்தால் ஆபத்து போய்விடும் என்று ஆகிவிடாது.

## படம் தவறும் இடங்கள்

கீழறையிலும் படத்தை அப்படியே நம்ப முடியாது. வழக்கமான படத்தின் ஒரு துண்டு 8 மில்லிமீட்டர் தடிப்பு வரை இருக்கும். கீற்றுகள் அதைவிட மிக மெல்லியவை. கீற்றும் கொலாஜனும் ஒரே புள்ளிக்குள் கலந்து, சாம்பல் நிறமாகத்தான் தெரியும். 40, 60 என்ற எல்லைகளை மாற்றினால் வாய்க்காலின் உருவமே மாறும். வெவ்வேறு மென்பொருள், வெவ்வேறு எல்லை என்றால் ஒரே நோயாளிக்கு வெவ்வேறு வரைபடம் கிடைக்கும்.

இன்னொரு சிக்கல் நடைமுறை சார்ந்தது. இந்தப் படம் அதிகம் தேவைப்படுவது வி.டி. வந்தவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலானோர் உடம்பில் ஏற்கெனவே ஐசிடி இருக்கும். கருவியின் உலோகம் அருகில் உள்ள தசையைப் பொய்யாக வெள்ளையாக்கிவிடும். வைட்பேண்ட் என்ற தொழில்நுட்பம் இதைப் பெருமளவு சரிசெய்கிறது, ஆனால் எல்லா மையங்களிலும் அது இல்லை. ஆகவே ஐசிடி தேவைப்படலாம் என்று தெரிந்தவுடன், அவசரம் இல்லையென்றால், கருவி வைப்பதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட முடியுமா என்று கேட்பது நல்லது. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்கள் காடோலினியம் பற்றி மருத்துவரிடம் முன்பே பேச வேண்டும். பழைய வகை மருந்துகளால் அவர்களில் சிலருக்குத் தோலும் உள்ளுறுப்பும் இறுகும் நோய் வந்தது 2006-ல் தெரியவந்தது. இப்போதைய வளைய வகை மருந்துகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

## கதீட்டர் தொடாத வழிகள்

படத்தைக் கணினியில் ஏற்றி அந்த நோயாளியின் இதயத்தை மாதிரியாகக் கட்டி, அதற்குள் வி.டி.யைத் தூண்டிப் பார்ப்பது ஒரு வழி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் நடாலியா டிரயனோவா குழு 2016-ல் 41 நோயாளிகளின் பழைய படங்களில் இதைச் செய்து, யாருக்கு ஆபத்து என்பதை இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷனை விட நன்றாகக் கணித்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் தழும்பின் உருவத்திலிருந்து சுற்றுக்குப் போக நேர்மையாக ஒரு பாலம் கட்டும் முயற்சி இது.

இரண்டாவது வழி இன்னும் வியப்பானது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிலிப் குகுலிச், கிளிஃபர்ட் ராபின்சன் குழுவினர், எதற்கும் அடங்காத ஐந்து நோயாளிகளின் தழும்பை ஸ்கேன் படங்களாலும் உடலின் மேலிருந்தே எடுத்த மின் வரைபடத்தாலும் குறித்துக்கொண்டு, புற்றுநோய்க்குப் பயன்படும் கதிரியக்க இயந்திரத்தால் ஒரே தவணையில் 25 கிரே கதிர் பாய்ச்சினார்கள். சராசரி 14 நிமிடம். 2017-ல் வெளியான முடிவு: சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதத்தில் ஐவருக்கும் சேர்த்து 6,577 வி.டி.கள். முதல் ஆறு வாரத்தில் 680. அதற்குப் பிந்தைய காலம் முழுவதும் நான்கு. இதில் கதீட்டரே இல்லை என்பதால் படம் தவறினால் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. கதிரால் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் பின்னாளில் வரக்கூடிய கேடு தெரிய வருடங்கள் ஆகும். அதனால் வேறு வழி இல்லாதவர்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

## வெள்ளையெல்லாம் தழும்பு அல்ல

இந்தியாவில் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. செல்களுக்கு இடையே இடம் கூடினால் காடோலினியம் தேங்கும், அவ்வளவுதான். கொலாஜனாலும் இடம் கூடும், இப்போது எரிந்துகொண்டிருக்கும் அழற்சியாலும் கூடும். படத்தில் இரண்டும் வெள்ளைதான்.

ஹைதராபாத்தில் காலம்பூர் நரசிம்மன் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பம்பு வேலை நன்றாகவே இருந்தும் வி.டி. வந்தவர்களைத் துருவிப் பார்த்தபோது, மார்பின் நடுவே நிணநீர்க் கணுக்கள் பெருத்திருந்தன. திசுவை எடுத்துச் சோதித்தபோது சார்க்காய்டோசிஸோ காசநோயோ தெரியவந்தது. காசநோய் பரவலாக உள்ள நாட்டில் இது அரிய விநோதம் என்று ஒதுக்க முடியாது. இவர்களுக்கு முதலில் வேண்டியது ஸ்டீராய்டு அல்லது காசநோய் மருந்து. அழற்சி தணியாமல் சுட்டால் ஓரிடம் அடங்கும், வாரங்களில் இன்னோரிடம் கிளம்பும். அழற்சி உயிரோடு இருக்கிறதா என்பதை பெட் ஸ்கேன் காட்டும், எம்.ஆர்.ஐ.யில் நீர்க்கோப்பைப் பார்க்கும் தனிப் படங்களும் உதவும்.

ஆகவே காரணம் தெரியாத வி.டி.க்கு எடுத்த இதய எம்.ஆர்.ஐ. அறிக்கை கைக்கு வந்தால், தழும்பு எத்தனை சதவீதம் என்ற வரியோடு நிறுத்திவிடாமல், நீர்க்கோப்பு இருக்கிறதா, மார்பின் நடுவே உள்ள நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கின்றனவா என்ற வரிகளையும் தேடிப் பாருங்கள். அவை அறிக்கையில் இல்லையென்றால், அப்லேஷனுக்குத் தேதி குறிப்பதற்கு முன் மருத்துவரிடம் அதைக் கேட்டுவிடுங்கள்.